போட்டி றோபோவுக்குப் பற்சில்லுப் பெட்டி தேர்தல்

மாணவர் றோபோக்களை ஆக்கிப் பொருதும் போட்டிகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றுள் நெடுநாட் புகழ் வாய்ந்தது, ஐக்கிய அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989 ஆம் ஆண்டில் தோற்றுவித்த 'ஃபேர்ஸ்ட்' நிறுவனத்தின் போட்டியாகும். 1992 ஆம் ஆண்டில் நியூ ஹம்சயர் மாநிலத்துப் பாடசாலை ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களுடன் அது தொடங்கியது. அண்மைக் காலத்தில் ஓர் ஆட்டம் நீடிப்பது ஏறக்குறைய இரண்டரை நிமிடமே. அதற்குள் றோபோ ஓடவேண்டும்; திரும்பவேண்டும்; எதிரணியின் றோபோவால் தள்ளுண்டும் நிலைபெயராது நிற்கவேண்டும். இடையில் மோட்டர் கருகினால் மாற்றுதற்கு நேரமில்லை. பல கிழமை உழைப்பு அக்கணமே வீணாகும். இவ்விடர் பெரும்பாலும் ஆட்டக்களத்தில் விளைவதன்று. பற்சில்லுப் பெட்டியைத் தேர்ந்த அன்றே விளைந்துவிடுகின்றது. ஆதலின் அத்தேர்வின் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கியர்ப்பெட்டி எனப் பொதுவழக்கில் வழங்குவதே பற்சில்லுப் பெட்டி. மின்மோட்டர் மிக விரைந்து சுழலும். ஆயின் அதன் முறுக்கம், அஃதாவது சுழற்றும் வலிமை, சிறிது. 12 பற்கள் கொண்ட சில்லு 48 பற்கள் கொண்ட சில்லைச் சுழற்றுமாயின், வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். முறுக்கம் நான்கு மடங்காகும். இதனை 4 : 1 விகிதம் என்பர். பெட்டி தானாக யாதொரு வலுவையும் ஆக்குவதில்லை. வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கும் பண்டமாற்றே அது. அம்மாற்றில் உராய்வு தன் பங்கையும் கவர்ந்துகொள்ளும். எனவே 'சிறந்த விகிதம் யாது?' என வினவுதல் பொருந்தாது, 'எத்தொழிலுக்கு எவ்விகிதம்?' என்பதே முறையான வினா.

எடுத்துக்காட்டாக, அப்போட்டியில் நெடுங்காலம் வழங்கிய 'சிம்' என்னும் மோட்டரைக் கொள்வோம். 12 உவோற்றில், சுமையின்றி நிமிடத்துக்கு ஏறக்குறைய 5330 சுற்றுச் சுழலும். அசையாது பிடித்தால் 2.4 நியூற்றன் மீற்றர் முறுக்கமும் 131 அம்பியர் மின்னோட்டமும் காட்டும். நான்கு மோட்டர்கள், 6 அங்குல விட்டமுள்ள சில்லுகள், மொத்தத் திணிவு 70 கிலோகிராம் எனக் கொண்டு இரு விகிதங்களை ஒப்பிடுவோம். உராய்விழப்பை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

முதலாவது 10.71 : 1, புதிய குழுக்களுக்குக் கிடைத்த உபகரணத் தொகுதியில் பல ஆண்டுகள் இடம்பெற்ற விகிதம் இது. 5330 ஐ 10.71 ஆல் வகுக்கச் சில்லு நிமிடத்துக்கு 498 சுற்று, அஃதாவது செக்கனுக்கு 8.3 சுற்றுச் சுழலும். சில்லின் சுற்றளவு 48 சதமமீற்றர். ஆதலின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 4 மீற்றர். தள்ளும் விசையோ 1350 நியூற்றன் வரை எழும். இரண்டாவது 5.95 : 1. வேகம் 7 மீற்றருக்கு மேற்படும். விசை 750 நியூற்றனாகச் சுருங்கும்.

இவ்விடத்து நிலத்தின் தீர்ப்பையும் கேட்கவேண்டும். கம்பளம் விரித்த களத்தில் நல்ல இறப்பர்ச் சில்லின் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 1. எனவே சில்லு பற்றக்கூடிய விசை றோபோவின் நிறையளவே, அஃதாவது 700 நியூற்றன். அதற்கு மேற்பட்ட விசை சில்லை வழுக்கச் செய்யுமேயன்றி வண்டியை முன்தள்ளாது. முதல் விகிதத்தில், எதிரியோடு முட்டும்போது சில்லு வழுக்கும். மோட்டர் தொடர்ந்து சுழலும். இரண்டாவதில், இழப்பையும் கழித்தால் விசை 700 ஐ எட்டுவதே அரிது. சில்லும் வழுக்காது, வண்டியும் நகராது, மோட்டர் நின்றுவிடும், புகும் மின்னோட்டம் அனைத்தும் வெப்பமாகும். சில்லு வழுக்குதலைக் குறையென்று எண்ணுவோர் பலர். முட்டுமிடத்தில் அதுவே மோட்டருக்குக் காவல்.

ஆயின் முதல் விகிதமும் முற்றும் இடரற்றதன்று. வழுக்கும் நிலையில் ஒவ்வொரு மோட்டரும் ஏறக்குறைய 68 அம்பியர் இழுக்கும். ஒவ்வொன்றின் சுற்றுடைப்பானோ 40 அம்பியருக்கு உரியது. முழு றோபோவுக்கும் பொதுவான உடைப்பான் 120 அம்பியருக்கு உரியது. இவை வெப்பத்தால் இயங்குவன ஆதலின் சில செக்கன் பொறுக்கும், நெடிது பொறா. 40 அம்பியருக்குள் அடங்கித் தள்ளவேண்டின் விகிதம் 18 : 1 வரை உயரவேண்டும், அப்போது வேகம் 2.4 மீற்றராகத் தாழ்ந்துவிடும்.

இனி, வேகமான பெட்டி உண்மையில் முந்துமோ? களம் ஏறக்குறைய 54 அடி நீளமானது. எனினும் ஆட்டத்தில் பல ஓட்டங்கள் குறுகியவை. 3 மீற்றர் ஓட்டத்தைக் கணக்கிட்டால், மேற்கூறிய இரு பெட்டிகளும் ஏறத்தாழ ஒரு செக்கனே கொள்கின்றன. 5.95 விகிதம் தன் முழு வேகத்தை நெருங்க ஏறக்குறைய 10 மீற்றர் வேண்டும். அன்றியும், புறப்படும் வேளையில் நான்கு மோட்டர்களும் சேர்ந்து 500 அம்பியருக்கு மேல் வேண்டிநிற்க, மின்கலவடுக்கின் உவோற்றளவு வீழ்கின்றது. கணித்த விசையும் கைவராது போகின்றது. தாளில் எழுதிய உச்ச வேகம் வேறு. குறித்த இடத்தை அடையும் நேரம் வேறு.

ஓடவும் தள்ளவும் ஒருங்கே விரும்புவோர் இருவிகிதப் பெட்டியை நாடுவர். அமுக்கிய காற்றால் ஆட்டத்தினிடையே விகிதத்தை மாற்றலாம். ஆயின் காற்றுக்கலமும் குழாய்களும் நிறையைக் கூட்டும். பழுதுபடத்தக்க உறுப்பு ஒன்று மிகும். 2019 ஆம் ஆண்டு முதல் தூரிகையில்லா மோட்டர்களும் அங்கு வழக்கில் வந்துள்ளன. அவற்றுக்கு எண்கள் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

அம்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் ஆட்டத்தில் ஓடவேண்டிய தூரத்தை அளக்க. அடுத்து, மோட்டர் நிற்குமுன் சில்லு வழுக்குமா எனக் காண்க. பின் அந்நிலையின் மின்னோட்டத்தைச் சுற்றுடைப்பானோடு ஒப்பிடுக. இவ்வெல்லைக்குள் எஞ்சும் விகிதங்களுள், குறித்த தூரத்தை விரைவிற் கடப்பதைத் தேர்க.

இதற்கு வேண்டுவன பெருக்கலும் வகுத்தலும் பௌதிகத்தின் தொடக்கப் பாடங்களுமே. வகுப்பறையிற் கற்கும் விசையும் உராய்வும் எதற்கு உதவும் என வினவும் மாணவனுக்கு இப்பெட்டி தக்க விடை தரும். திருகாணியை முடுக்குமுன் தாளில் அரைமணி நேரம் செலவிடும் குழு, ஆட்டத்தின் இறுதி நொடியிலும் தன் றோபோ ஓடுவதைக் காணும்.