மணமுறிவும் பிள்ளைகளின் உரிமையும்: மலேசியக் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் குறித்து ஒரு நோக்கு

மணமுறிவு வழக்கொன்றில் மனுதாரர், எதிர்மனுதாரர் என இருவரே தரப்பினராக நிற்கின்றனர். அவ்வழக்கின் முடிவால் மிகுதியும் பாதிக்கப்படும் பிள்ளைகள் தரப்பினராகக் கருதப்படுவதில்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்குரிய குடும்பச் சட்டம் கடந்த கால் நூற்றாண்டில் கண்ட திருத்தங்கள் பிள்ளைகளுக்கு எவற்றைத் தந்தன, எவற்றைத் தராமல் விட்டன என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். நீதிமன்றத்தின் ஆணை எத்துணை நல்லதாயினும், அதனைச் செயற்படுத்தும் வழி வலுவாக அமையாத வரையில் சீர்திருத்தம் பாதியில் நின்றுவிடுகிறது என்பது நம் கருத்து.

முதற்கண் மூன்று சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். பிள்ளை யாருடன் வாழ்வது, அதன் அன்றாடத் தேவைகளை யார் கவனிப்பது என்பது பராமரிப்பு உரிமை. பிள்ளையின் கல்வி, மருத்துவம், சொத்து ஆகியவை பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் காப்பாளர் உரிமை. பிள்ளையின் உணவு, உடை, உறைவிடம், கல்வி ஆகியவற்றுக்கான செலவை ஏற்பது ஜீவனாம்சம். நம்மவர் பேச்சில் இம்மூன்றும் ஒன்றாகவே கலந்து வழங்குகின்றன. மாதந்தோறும் பணம் தருபவருக்கே பிள்ளை மீது உரிமை உண்டு என்றும், பிள்ளையைக் காணவிடாவிட்டால் பணம் தரவேண்டியதில்லை என்றும் பலர் எண்ணிக்கொள்வது இக்கலப்பினால்தான். சட்டம் அவ்வாறு கூறவில்லை. ஜீவனாம்சம் பிள்ளைக்குரியது, பெற்றோர் இருவரும் தம்முள் பேரம் பேசிக்கொள்ளும் பொருளன்று.

காப்பாளர் உரிமையைப் பொறுத்தவரை, 1961ஆம் ஆண்டின் சிறார் காப்பாளர் சட்டம் தந்தையையே பிள்ளையின் இயல்பான காப்பாளராகக் கொண்டது. பிள்ளையைப் பெற்று வளர்த்துவரும் தாயும் நீதிமன்றத்தின் தயவையே நாடி நிற்கவேண்டியிருந்தது. 1999இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, தாய்க்கும் தந்தைக்கும் சமமான பெற்றோர் உரிமை வழங்கப்பட்டது. நாடு விடுதலையடைந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பராமரிப்பு உரிமைக்கும் ஜீவனாம்சத்திற்கும் அடிப்படையாக விளங்குவது 1976ஆம் ஆண்டின் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணமுறிவு) சட்டம். இது 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதன் 88ஆம் பிரிவின்படி, பிள்ளையின் நலனே முதன்மையாகக் கருதப்படல் வேண்டும். அதற்கு உட்பட்டே பெற்றோரின் விருப்பமும், சுயமாகக் கருத்துரைக்கும் வயதடைந்த பிள்ளையின் விருப்பமும் கவனிக்கப்படும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயுடன் இருப்பதே நன்று எனச் சட்டம் ஊகிக்கிறது; எனினும் தக்க காரணம் காட்டி இவ்வூகத்தை மறுக்கலாம். தனிப்பட்ட சூழ்நிலைகளில் உறவினர் ஒருவரிடமும் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. பாட்டியின் கையிலேயே வளரும் பிள்ளைகள் மிகுந்த நம் குடும்பங்களுக்கு இது பொருத்தமானதொரு விதி. ஆயினும் பலரும் அறியாதது.

இச்சட்டத்தின் 95ஆம் பிரிவு தனித்து நோக்கத்தக்கது. பழைய விதியின்படி, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் ஜீவனாம்ச ஆணை முடிவுறும். உடற்குறையோ மனக்குறையோ உடைய பிள்ளைக்கு மட்டுமே விலக்கு உண்டு. நம் நாட்டு மாணவர் எஸ்.பி.எம். தேர்வை எழுதுவது பதினேழு வயதில். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், டிப்ளோமா எனச் செலவு பெருகும் வாயிலில் பிள்ளை வந்து நிற்கும்போது தந்தையின் கடமை முடிந்துவிடும். இந்த முரண்பாட்டைக் களைய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் முயன்றது. உயர்கல்வி கற்கும் பிள்ளை பொருளளவில் பெற்றோரைச் சார்ந்திருத்தலையும் அவ்விலக்கினுள் அடக்கிப் பொருள்கொண்டது. ஆனால் 2004இல் கூட்டரசு நீதிமன்றம் வேறொரு வழக்கில் அவ்விளக்கத்தை ஏற்க மறுத்தது. சட்டத்தின் சொற்கள் அவ்வளவு தூரம் நீளமாட்டா என்பது அதன் முடிவு. சொற்பொருள் அளவில் அம்முடிவைக் குறைகூற இயலாது. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பணி. அப்பணி நிறைவேற மேலும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 2017இல் நிறைவேறி 2018 டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளை மேற்படிப்பையோ பயிற்சியையோ முடிக்கும் வரையில் ஜீவனாம்சம் நீடிக்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் பதினெட்டைக் கடந்த பிள்ளைகளின் படிப்பு அவரவர் தாயின் உழைப்பையும் கடனையும் நம்பியே நடந்தது.

அத்திருத்த மசோதாவில் தொடக்கத்தில் இடம்பெற்றிருந்த 88ஏ என்னும் பிரிவு, பெற்றோரில் ஒருவர் மதம் மாறினாலும் மற்றவரின் இசைவின்றிப் பிள்ளையின் மதத்தை மாற்றலாகாது என வகுத்தது. மசோதா நிறைவேறுமுன் அப்பிரிவு கைவிடப்பட்டது. சட்டமன்றம் தவிர்த்ததை நீதிமன்றம் செய்யவேண்டியதாயிற்று. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் கணவர் 2009இல் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளையும் தாயறியாமல் மதம் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையையும் எடுத்துச் சென்றார். 2010இல் உயர் நீதிமன்றம் பராமரிப்பு உரிமையைத் தாய்க்கு வழங்கியது. 2018 ஜனவரி 29ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், இத்தகைய மதமாற்றத்திற்குப் பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் எனத் தீர்ப்பளித்து, பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கியது. அத்தீர்ப்பின் சட்டச் சிறப்பைப் பலர் எழுதியுள்ளனர். நாம் சுட்ட விழைவது மற்றொன்று. கணவரைக் கைது செய்யும் ஆணையைச் செயற்படுத்துமாறு 2016இல் காவல்துறைத் தலைவருக்கே கூட்டரசு நீதிமன்றம் கட்டளையிட நேர்ந்தது. அதன் பின்னரும் அக்குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை. பராமரிப்பு உரிமை கிடைத்துப் பத்தாண்டுகள் கடந்தும், தாயின் கையில் இருந்தது ஆணை மட்டுமே.

செய்தித்தாளில் இடம்பெறாத எளிய வழக்குகளிலும் இதே நிலையைச் சிறு அளவில் காணலாம். மாதம் 500 ரிங்கிட் தருமாறு ஆணை பெற்ற தந்தை, நான்கு மாதம் தந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார் எனக் கொள்வோம். சட்டத்தில் வழிகள் இல்லாமலில்லை. 1968ஆம் ஆண்டின் ஜீவனாம்ச அமலாக்கச் சட்டத்தின்படி, அவருடைய முதலாளியே சம்பளத்தில் பிடித்துச் செலுத்துமாறு ஆணை பெறலாம். ஆணையை மீறியதற்காகச் சிறைப்படுத்தக் கோரியும் மனுச்செய்யலாம். ஆயின் ஒவ்வொரு மனுவையும் தாயே தொடுக்கவேண்டும். வழக்கறிஞர் கட்டணம், வேலைக்கு விடுப்பு, அழைப்பாணையைச் சேர்ப்பிக்க எதிர்த்தரப்பின் முகவரி ஆகிய அனைத்தும் அவருடைய பொறுப்பு. லாரி ஓட்டுநராகவோ தினக்கூலியாகவோ சிறு குத்தகையாளராகவோ உள்ள ஒருவரிடம் சம்பளப் பிடித்தத்திற்கு இடமேது? இதற்கிடையில் காலமும் ஓடுகிறது. நிலுவை சேர்ந்து மூன்றாண்டுகள் கடந்துவிட்டால் அப்பகுதியை வழக்கிட்டுப் பெற இயலாது என்பதும் இதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியே. இழுத்தடிப்பவருக்கு இது வாய்ப்பாகிறது. பிள்ளைக்கோ பெரும் இழப்பு.

முஸ்லிம்களுக்கு இவ்வகையில் ஒரு துணை உண்டு. மலேசிய ஷாரியா நீதித்துறையின் கீழ் 2010இல் குடும்ப ஆதரவுப் பிரிவு அமைக்கப்பட்டது. ஷாரியா நீதிமன்றத்தின் ஜீவனாம்ச ஆணைகளைச் செயற்படுத்த உதவுவதோடு, ஆணை நிறைவேறும் வரையில் தாய்க்குத் தற்காலிக முன்பணமும் அது வழங்குகிறது. சிவில் நீதிமன்றத்தின் ஆணை பெற்ற தாய்மாருக்கும் இதற்கிணையான அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுந்துவருகிறது. அரசு முன்பணம் தந்து, பின்னர் அதனைத் தந்தையிடம் வசூலித்துக்கொள்ளும் முறையே பிள்ளைக்கு ஏற்றது. ஒரு பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம், அதன் பெற்றோர் எந்த நீதிமன்றத்தை நாடினர் என்பதைப் பார்த்து வருவதில்லை. ஆகவே மூன்றாண்டு வரம்பைப் பிள்ளைகளின் ஜீவனாம்சத்திற்கு மட்டுமேனும் நீக்குவதும், இவ்வமைப்பை ஏற்படுத்துவதும் அடுத்த திருத்தத்தின் முதற்பணிகளாக அமைதல் வேண்டும்.

கோயிலில் தாலி கட்டியதோடு பதிவு செய்யாமல் விடுவோர் நம்மிடையே இன்னும் உளர். 1982க்குப் பின் பதிவுபெறாத மணத்திற்கு மணமுறிவு வழக்கும் இல்லை. எனினும் அத்தகைய பிள்ளைக்கும் 1950ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்த் தந்தையிடம் ஜீவனாம்சம் கோரலாம். மணம் பதிவாகவில்லை என்பதனால் தந்தையின் கடமை ஒழிந்துவிடாது.

இறுதியாக, கூட்டு மனுவின் மூலம் இசைந்து பிரிவோர் கவனிக்கவேண்டிய ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு 300 ரிங்கிட் என எழுதிக் கையொப்பமிடப்படும் தொகை, யாரும் மனுச்செய்யாவிடில் அப்பிள்ளை எஸ்.பி.எம். எழுதும்போதும் அதே 300 ரிங்கிட்டாகவே இருக்கும். சூழ்நிலை மாறியிருப்பின் 96ஆம் பிரிவின் கீழ்த் தொகையை மாற்றுமாறு கோரலாம். அதனினும் எளிது, உயர்கல்விச் செலவையும் ஆண்டுதோறும் உயரவேண்டிய அளவையும் முதல் மனுவிலேயே எழுதச் செய்வது. சட்ட உதவித் துறையை நாடும் தாய்மார் மனுவில் கையொப்பமிடுமுன் இவ்விரண்டையும் கேட்டுப் பெறலாம்.