அகைப்பு என்னும் சொல்

செய்யுளொன்றை வாய்விட்டு ஓதுங்கால், ஓசை ஒரே நடையிற் செல்லாது இடையிடையே அறுபடுமாயின், "ஓசை கெட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுதல் மாணவர்க்கும், சிற்சில வேளைகளில் ஆசிரியர்க்கும், வழக்கமாயிற்று. பண்டை இலக்கண நூலாரோ அவ்வாறு அறுபட்டு நடக்கும் ஓசையைக் குற்றமென ஒதுக்கினாரல்லர். அதனையும் ஒரு வண்ணமெனக் கொண்டு, அகைப்பு எனப் பெயருமிட்டனர்.

அகைதல் என்னும் வினைக்கு முறிதல், எரிதல், வருந்துதல், தளிர்த்தல் எனப் பல பொருள்களை அகராதிகள் தரும். அகைத்தல் அதன் பிறவினை. முறித்தல், அறுத்தல் என்பன அதன் பொருள்கள். யாப்பிற் பயின்றது இப்பொருளே. முறிந்த கிளையினின்றே புதுத்தளிர் தோன்றுதலை நோக்கின், முறிதலும் தளிர்த்தலும் ஒரு சொற்கண் நின்றமை அத்துணை வியப்பன்று போலும்.

தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறிய உறுப்புக்கள் 34. அவற்றுள் ஒன்றாகிய வண்ணத்தை அவர் 20 வகையாக்கினார். அகைப்பு வண்ணத்தின் இலக்கணங் கூறுமிடத்து, அறுபடுதலை மட்டுங் கூறியமையாது, அறுத்தறுத்து ஒழுகுதல் என்னுங் கருத்துப்பட உரைத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. அறுபட்டபின் ஒழுக்கு ஏது என்பார்க்குப் பேராசிரியர் உரை விடை தரும். ஓரிடத்து நெடில் பயின்றும் ஓரிடத்துக் குறில் பயின்றும் வருதலான், ஓசை விட்டுவிட்டுச் செல்லும் என்பது அவர் கொள்கை. சி. கணேசையர் அவர்களின் குறிப்புக்களோடு 1943-ஆம் ஆண்டு சுன்னாகத்தில் வெளிவந்த பொருளதிகாரப் பின்னான்கியற் பதிப்பில் இவ்வுரையைக் காணலாம்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். நெடிலும் குறிலும் விரவி வருவது சித்திர வண்ணமன்றோ? இரண்டிற்கும் வேறுபாடு யாது? எடுத்துக்காட்டின்பொருட்டு யாம் அமைத்த அடி ஒன்றைக் காண்க:

நாவாய் காணாள் மணல்வழி திரிந்தனள்

முதலிரு சீரிலும் உயிர்கள் யாவும் நெடில்; பின்னிரு சீரிலும் யாவும் குறில். நீண்டு சென்ற ஓசை "காணாள்" என்புழி அற்று, பின் குறுகிய அடிவைப்பில் விரைகின்றது. இதுவே அகைப்பு. இனி அந்நான்கு சீரையுமே இடம் மாற்றுக:

நாவாய் மணல்வழி காணாள் திரிந்தனள்

நெடிலும் குறிலும் இப்போது ஒன்றற்கொன்று இணையாய் நேர்ந்து வருதலின், அறுபாடு தோன்றவில்லை. இதனைச் சித்திரத்தின்பாற் படுத்தலாம். சொல்லும் பொருளும் எழுத்தின் தொகையும் வேறாகவில்லை; வைப்புமுறை ஒன்றே வேறாயிற்று. ஆயினும், கடலை நோக்கி நின்றவள் ஏமாற்றமுற்றுத் திரும்பும் அக்கணம் முந்திய அடியிலன்றிப் பிந்திய அடியில் நம் செவிக்குப் புலனாவதில்லை. முந்தியதை "ஓசை கெட்டது" என்று திருத்தப்புகும் ஆசிரியர் கவியின் உயிரையே திருத்தியவராவார்.

இச்சொல் வழக்கொழிந்தமைக்குக் காரணமும் உண்டு. யாப்பருங்கல விருத்தி வண்ணங்களை நூறாக விரிக்குமிடத்து, தூங்கிசை, ஏந்திசை, அடுக்கிசை, பிரிந்திசை, மயங்கிசை என வேறு பெயர்களை அடிப்படையாகக் கொண்டது. அருணகிரிநாதர் திருப்புகழுக்குப் பின்னரோ, வண்ணம் என்ற அளவில், வகுத்த சந்தம் பிறழாது மீண்டும் மீண்டும் வரும் பாட்டே மக்கள் நினைவில் நின்றது. ஒழுங்கே வண்ணமென்று ஆனபின், ஒழுங்கின்மைக்குரிய வண்ணப்பெயரை யார் தேடுவார்?

அற்றேல், ஓசை தடுமாறிய அடியெல்லாம் அகைப்பு ஆகுமோ எனின், ஆகாது. தளை தட்டியது தளை தட்டியதே. அதனை அகைப்பென்று போர்த்தல் பொருந்தாது. மேற்காட்டிய அடி தேமா, தேமா, கருவிளம், கருவிளம் எனச் சீர் நிரம்பி ஆசிரிய அடியாய் இயல்வது. அகைப்புத் தளையின்கண் நிகழ்வதன்று. நெடிலும் குறிலும் திரண்டு நிற்கும் நிலையிற் பிறப்பது. ஆதலின் ஓதுவோர் நான்கு சீரையும் ஒரே அளவாய்த் தட்டி எண்ணி ஓதாது, நெடில் திரண்டவிடத்து நீட்டி, அறுமிடத்துச் சிறிது நின்று, குறில் திரண்டவிடத்து விரைந்து ஓதல் வேண்டும்.