உங்களுக்குத் தெரியுமா? கத்திக்கு முந்தைய செலவு

ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பும் நேரம். பக்கத்துக் காலி மனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இருட்டியதும் ஆட்டம் நின்றுவிடும். அங்கே விளக்கு இல்லை. அதன்பிறகு அவர்களைக் கூப்பிடுவது யார்? பயிற்சியாளரா, 'ஏரியா அண்ணனா'?

● இந்த வட்டாரத்தில் ரவுடிக் கோஷ்டிகளின் கண் பெரும்பாலும் ஸ்கிராப் காண்ட்ராக்ட் மேல்தான். கம்பெனிக் கழிவு இரும்பை யார் எடுப்பது என்ற போட்டியில் மிரட்டல், மாமூல், வெட்டுக்குத்து. முன்னால் அனுப்பப்படுவது மீசை முளைக்காத பையன்கள். 'கெத்து' என்று போவார்கள். வழக்கு அவர்கள் பெயரில் விழும்.

● 'குண்டாஸ்' என்று நாம் சொல்லும் தடுப்புக்காவல் சட்டம் 1982-இல் வந்தது. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். வெளியே வருகிறவனுக்கு ஒரு தொழிலைக் கற்றுத்தரும் வேலை அந்தச் சட்டத்துக்கு இல்லை.

● 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகள் தவறான வழியில் போகாமல் தடுக்கத் தமிழக அரசு சென்னையில் தொடங்கிய 'சிற்பி' திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 4.25 கோடி ரூபாய். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர், ஆக 5,000 எட்டாம் வகுப்பு மாணவர்கள். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு 8,500 ரூபாய்!

● வியாசர்பாடியில் 1997-இல் தங்கராஜ், உமாபதி இருவரும் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கால்பந்தோடு படிப்பும் சொல்லித் தந்தார்கள். ரவுடிகளின் பேரால் பேசப்பட்ட ஊர், இன்று கால்பந்து வீரர்களின் பேராலும் பேசப்படுகிறது.

● 1990-களில் டொரான்டோவில் ஈழத்தமிழ் இளைஞர் கோஷ்டிகள் இரண்டு துப்பாக்கியோடு மோதிக்கொண்டன. மனம் பொறுக்காத தமிழ் இளைஞர்களே 1998-இல் தங்களுக்கென ஓர் இளைஞர் மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். துப்பாக்கி, கோஷ்டி வன்முறையைத் தடுக்கும் உள்ளூர் வேலைகளுக்கென்றே கனடா அரசு 2022-இல் 25 கோடி டாலர் அறிவித்தது.

● சிகாகோவில் 2012 கோடை விடுமுறையில் வன்முறை மிகுந்த பகுதிகளின் மாணவர்களுக்கு 8 வாரம் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில், வேலை கிடைக்காத மாணவர்களைவிட அவர்களிடையே வன்முறைக் குற்றக் கைதுகள் 43 சதவீதம் குறைவாக இருந்தன. எட்டே வாரம்!

● லைபீரியாவில் குற்றப் பின்னணி உள்ள 999 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கோபத்தை அடக்கவும் நாளையை யோசிக்கவும் 8 வாரப் பயிற்சி பெற்று, கையில் 200 டாலரும் வாங்கியவர்களிடம் பத்தாண்டு கழித்தும் குற்றச் செயல்கள், இரண்டும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதியாகவே இருந்தன.

● நமக்குப் பணம் எங்கே? கம்பெனி மதிலுக்கு அந்தப்பக்கம்தான். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி 100 கோடி என்றால் 2 கோடி. கல்வி, தொழிற்பயிற்சி, விளையாட்டுப் பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை என்கிறது அதே சட்டம்.

● அந்தப் பணத்தை எங்கே கேட்பது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1: ஆண்டில் இந்த ஆறு நாளும் கிராம சபை கூடுகிறது. மைதானத்துக்கு நாலு விளக்கு, ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம், மாலை வகுப்புக்கு ஓர் அறை. எழுந்து கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தோடு கம்பெனி வாசலுக்கு ஊரே சேர்ந்து போகலாம்.