பழைய ஊரில், சின்ன இடத்தில் பெண்கள் விடுதி: கட்டிலை எண்ணுவது கடைசி வேலை



ஜவுளிக் கடை, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று நம் பெண்கள் நகரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு விடுதி நடத்தினால் நல்ல வருமானம், நல்ல சேவை என்று பல குழுக்கள் நினைக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் கிடைப்பதெல்லாம் ஒடுங்கிய மனைகள். அங்கே எப்படித் திட்டமிடுவது? மதுரையை வைத்தே பார்ப்போம்.

இடம் எப்படிப்பட்டது?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இடையிலுள்ள சந்துகளில் மனைகள் அகலம் குறைந்து நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். 18 அடி அகலம், 48 அடி நீளம், அதாவது சுமார் 2 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்.

"இடம் சின்னதுதானே, மேலே மேலே கட்டிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காது. கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று அரசாணை இருக்கிறது. 9 மீட்டர் என்றால் 30 அடிக்கும் சற்றுக் குறைவு. தரைத்தளமும் இரண்டு மாடியும்தான் தேறும். தஞ்சைப் பெரிய கோயில் போல மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் இடமானால் கட்டுப்பாடு இன்னும் அதிகம். 2010 சட்டத் திருத்தப்படி முதல் 100 மீட்டரில் புதுக் கட்டடத்துக்குத் தடை. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

முதலில் எதை ஒதுக்க வேண்டும்?

1. வெளியேறும் வழி இரண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், நெருக்கமான பள்ளிக் கட்டடத்தில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். மாடிப்படி ஒன்றே ஒன்று, அதிலும் புகை ஏறிவிட்டது என்றால் மேலே இருப்பவர் எங்கே போவார்? ஆகவே மனை பார்க்கும்போதே பின்னால் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் இரும்புப் படி வைக்கலாம். சந்து இல்லையென்றால் பக்கத்து வீட்டு மொட்டைமாடி வழியாக இறங்க எழுத்து மூலம் சம்மதம் வாங்கலாமா என்று தீயணைப்புத் துறையிடமும் வக்கீலிடமும் கேளுங்கள். இரண்டும் இல்லையா? அந்த மனை விடுதிக்கு வேண்டாம்.

2. நடுவில் முற்றம். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. நம் பாட்டிமார் வீட்டில் முற்றம் இருந்தது சும்மா இல்லை. வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வந்தன. 8 அடிக்கு 10 அடி திறந்து விட்டால் நடு அறைகளுக்கும் காற்று கிடைக்கும், துணியும் காயும். பிறகு அதன்மேல் ஷீட் போட்டு மூடிவிடக் கூடாது.

3. படிக்கட்டு 4 அடி அகலம். படிக்குக் கீழே பிரிட்ஜ், சிலிண்டர், மெத்தை, பழைய பேப்பர் எதுவும் கூடாது. இரவில் பூட்டும் கிரில் கதவு, சாவி இல்லாமலே உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுவோம்

ஒரு மாடியின் பரப்பு 864 சதுர அடி. பின்பக்கம் 5 அடி விட்டால் 90, முற்றத்துக்கு 80, படிக்கட்டுக்கு 120, மூன்று குளியலறை கழிப்பறைக்கு 90, நடைபாதைக்கு 80. மொத்தம் 460 போய்விட்டது. மிச்சம் சுமார் 400. கட்டில், அலமாரி, நடமாட இடம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 சதுர அடி என்றால் 8 பேர். இரண்டு மாடிக்கு 16 பேர். தரைத்தளத்தில் சமையல், சாப்பாடு, காப்பாளர் அறை.

அடுக்குக் கட்டில் போட்டு 30 பேரைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால், குழுவில் கேளுங்கள்: "நம்ம பொண்ணை அங்கே விடுவோமா?" 16 பேர் வாடகையில் கடன் தவணை கட்ட முடியவில்லை என்றால் அந்த மனை நமக்குக் கட்டுப்படியாகாது என்றே அர்த்தம்.

பழைய கட்டடத்தில் கவனிக்க வேண்டியவை

- மரக்கட்டையின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். அதன்மேல் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் வீதம் 16 பேருக்கு 2,160 லிட்டர். எடை இரண்டு டன்னுக்கு மேல்! தொட்டிக்கும் குளியலறைக்கும் தனித் தூண் எழுப்ப வேண்டும்.
- சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். சுண்ணாம்பே பூசுங்கள்.
- பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஒரே மூச்சாக வானம் தோண்டக் கூடாது. கொஞ்சம் தோண்டி, கட்டி முடித்து, பிறகு அடுத்த பகுதி. இதை மேஸ்திரியிடம் விடாமல் பொறியாளரை வைத்துச் செய்யுங்கள்.
- வாசல் திண்ணை இருந்தால் இடிக்காதீர்கள். பார்க்க வரும் அப்பா, அண்ணன் உட்கார அது போதும்.
- தேர்த் திருவிழா நாளில் மாசி வீதிகளுக்குள் வண்டி வருவது சிரமம். தீயணைப்பான் கருவியை ஒவ்வொரு மாடியிலும் மாட்டி, எல்லோருக்கும் இயக்கக் கற்றுக்கொடுங்கள்.

அனுமதி

2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளையும் தயார் செய்ய வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே மனையின் வரைபடத்தோடு மாநகராட்சி அலுவலகம் போய், எவ்வளவு உயரம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். மனை பார்க்கப் போகும்போது இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். அளவு நாடா ஒன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.