மடக்குக் கத்தியின் ஸ்பிரிங்

சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கத்திப் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்செனர், 1891இல் தம் நாட்டு ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்திகளைக் கொடுக்கத் தொடங்கினார். ஓர் அலகு, துளையூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூடிரைவர். உறுதியான கத்திதான், ஆனால் கனம். அடுத்து அதிகாரிகளுக்காக அவர் செய்த கத்தி 1897இல் பதிவானது. அதில் இன்னொரு சிற்றலகும் கார்க் திருகியும் கூடுதலாகச் சேர்ந்தன. ஆனாலும் கனம் குறைந்திருந்தது!

சூட்சுமம் ஸ்பிரிங்கில். ஆறு கருவிகளுக்கு மொத்தமே இரண்டு ஸ்பிரிங்தான். முதுகு நெடுக ஓடும் எஃகுப் பட்டை ஒவ்வொன்றும் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை அழுத்திப் பிடிக்கும். முதுகுப்பக்கம் விரியும் கருவிக்கும் அதே பட்டைதான். திறக்கும்போது 'டக்'கென்று கேட்பது அந்தப் பட்டை நிமிரும் ஓசை. இது பூட்டு அல்ல. அலகின் முதுகை அழுத்தினால் விரல் மேல் மடங்கிவிடும்.

எல்செனரின் பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அந்நிறுவனம் தன் கத்தியின் எல்லா உறுப்புகளையும் ஒரே கடினத்தில் செய்வதில்லை. ராக்வெல் அளவில் அலகுக்கு 56, ரம்பத்துக்கும் கத்தரிக்கும் 53, ஸ்க்ரூடிரைவருக்கு 52, ஸ்பிரிங்குக்கு 49. கடினமான எஃகு கூர்மையை நெடுநாள் வைத்திருக்கும். ஆனால் முறுக்கினால் ஒடியும். கூரலகை நெம்புகோலாக்கி டப்பா மூடியைக் கிளப்புகிறவர்கள் முனையை ஒடிப்பது இதனால்தான். பக்கத்திலேயே 52இல் ஒருவன் சும்மா படுத்திருக்கிறான்.

அமெரிக்கரான டிம் லெதர்மேனுக்கு இந்த வகைக் கத்தி போதவில்லை. 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கையிலிருந்த கத்தியில் குறடு இல்லாதது அவரை உறுத்தியது. 1983இல் அவருடைய கருவி விற்பனைக்கு வந்தது. அதில் நடுநாயகம் குறடு. இரு கைப்பிடிகளும் வளைத்த எஃகுத் தகடு, உள்ளே மற்ற கருவிகள். ஒரு சங்கடம்: அலகை எடுக்கவும் குறட்டை விரித்தாக வேண்டும். 1998இல் வந்த வேவ் மாடல், அலகுகளை வெளிப்புறம் வைத்துப் பூட்டும் சேர்த்து இதைத் தீர்த்தது.

பழம் நறுக்க, கயிறு அறுக்க எனக்கு எல்செனரின் கத்தியே உசத்தி. மெலிந்த அலகு வழுக்கிக்கொண்டு போகும். இறுகிய நட்டைத் திருப்ப அது ஆகாது, குறடுதான் வேண்டும். பழுதுபார்ப்பிலும் இரண்டும் வேறு. சுவிஸ் கத்தியின் உடலைப் பித்தளை ரிவெட் கோக்கிறது. வீட்டில் பிரிக்க முடியாது. இணைப்பில் மணல் புகுந்தால் வெந்நீரில் திறந்து மூடி அலசி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடலாம், அவ்வளவுதான். லெதர்மேனின் பிற்கால மாடல்கள் சிலவற்றில், தேய்ந்த கம்பிவெட்டியைத் திருகு கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.