கண்ணாடிக்குள் ஒரு பட்டினி

பினாங்குத் தீவுக்கு வந்துவிட்டுப் பசியோடு திரும்பியவர் யாரும் இருக்க முடியாது. அதிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள், நண்பர்களே! நம் தாத்தா பாட்டிமார் இன்றும் ‘பிட் ஸ்திரீட்’ என்றே சொல்லும் அந்தச் சாலையில், 1801-ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலின் பக்கத்திலேயே நாசி கண்டாருக்காக வரிசை பிடித்து நிற்கும் கூட்டத்தைக் காணலாம். அதே சாலையில், ஒரு கடையின் உள்ளே, நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில், வாய்க்கு நேராக உணவு மிதந்து போயும் ஓர் உயிர் பட்டினி கிடப்பதுண்டு. புதிதாக வாங்கி வந்த கடல்மீன்தான் அது. அது ஏன் உண்ண மறுக்கிறது, எப்படி உண்ண வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

என் மாமா அங்குள்ள ஒரு நாணய மாற்றுக் கடையில் வேலை செய்கிறார். கடை முதலாளிக்குக் கடல்மீன் என்றால் கொள்ளை ஆசை. ஆசை முதலாளிக்கு, வேலை மாமாவுக்கு! மூன்று ஆண்டுகளாகப் பல்கலைக்கழக விடுமுறைதோறும் நானும் அந்தத் தொட்டி வேலையில் கூடமாட உதவி வருகிறேன். விரிவுரையில் படித்த உயிரியலை விட அங்குக் கற்றது அதிகம் என்று சொன்னால் என் விரிவுரையாளர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

நம்மில் பலர் சிறு வயதில் கப்பி மீனோ தங்கமீனோ வளர்த்திருப்போம். தீனியைத் தூவியதும் அவை பாய்ந்து வரும். ஆகவே, மீன் என்றாலே போட்டதைத் தின்னும் என்ற எண்ணம் நமக்கு. ஆனால், அந்த நன்னீர் மீன்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் பிறந்தவை. அவற்றின் பாட்டியும் பெல்லட் தின்றுதான் வளர்ந்திருக்கும். கடைகளில் விற்கப்படும் கடல்மீன்களில் பெரும்பாலானவையோ இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. சில வாரங்களுக்கு முன்புவரை திறந்த கடலில் தானே தேடித் தின்றவை. உருண்டையான பழுப்பு நிறப் பெல்லட்டை அவை வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

இதை மாமா ஒரே வரியில் சொல்லிவிடுவார்: “அதுக்கு அடம் இல்லம்மா. அது சாப்பாடுன்னே அதுக்குத் தெரியல.” இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

முதலில் அந்த மீன் எப்படிப்பட்ட பயணத்தை முடித்துவிட்டு வருகிறது என்று பார்ப்போம். பிடித்தவரிடமிருந்து ஏற்றுமதியாளர், விமானம், இறக்குமதியாளர், சில்லறைக் கடை எனக் குறைந்தது மூன்று நான்கு கை மாறி அது நம்மிடம் வருகிறது. பைக்குள் கழிவு சேரக்கூடாது என்பதற்காக, ஏற்றுமதிக்கு முன்பே ஓரிரு நாள் அதைப் பட்டினி போடுவார்கள். பையினுள் மீன் விடும் கரியமில வாயு கரைந்து நீரின் பிஎச் அளவைக் குறைக்கும். நீர் அப்படி இருக்கும்வரை, கழிவிலிருந்து வரும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, அம்மோனியா நஞ்சாகிறது. ஆகையால், வெகுதூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலப்பது நன்மையை விடத் தீமையே தரும். மூடிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்திய பிறகு, பையின் உப்பளவுக்கு ஏற்ப முன்கூட்டியே தயார் செய்த நீருக்கு மீனை உடனே மாற்றுவதே மேல். நம் ஊர்க் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவரும் மீனுக்கு இந்த அவசரம் தேவையில்லை.

இன்னொரு கசப்பான செய்தியும் உண்டு. 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஒரு பழக்கம், பாறை இடுக்குகளில் சோடியம் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கி வரும் மீனை அள்ளுவது. இது சட்டத்துக்குப் புறம்பானது என்றாலும் முற்றாக ஒழிந்தபாடில்லை. அப்படிப் பிடித்த மீனின் உள்ளுறுப்புகள் சேதமுற்றிருக்கலாம். வெளியே பளபளவென்று இருக்கும், நாள்கள் கழித்துக் காரணம் தெரியாமல் சாகும். அந்த மீனுக்கு நாம் எந்த உணவைக் கொடுத்தும் பயனில்லை. பவளப்பாறையும் அதே நஞ்சில் சாகிறது என்பது தனிக் கதை.

சரி, மீன் நலமாகத்தான் இருக்கிறது, ஆனால் தின்னவில்லை. என்ன செய்வது? அதன் வாயைப் பாருங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதன்று. மாமா பொறுப்பில் உள்ள தொட்டிக்கு ஒருமுறை காப்பர்பேண்ட் எனப்படும் மீன் வந்தது. அறிவியல் பெயர் செல்மோன் ரோஸ்ட்ராட்டஸ். வெள்ளி உடலில் ஆரஞ்சுப் பட்டைகள், முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் எதிரியை ஏமாற்றும் கறுப்புப் பொய்க்கண், அதன்மேல் ஊசி போல் நீண்ட மூக்கு. நீரில் மிதப்பதைப் பாய்ந்து பிடிப்பதற்கு அந்த மூக்கு ஏற்றதன்று. பாறை வெடிப்புக்குள் நுழைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் புழுக்களையும் சிறு உயிர்களையும் பிடுங்கித் தின்பதற்காக அமைந்தது. அதன் முன்னால் பெல்லட்டைத் தூவுவது, வாழையிலையில் உட்கார்ந்தவருக்கு உணவைக் கூரையிலிருந்து தூவுவது போல!

எனவே, உணவைத் தூவாமல் ஒளித்து வைக்க வேண்டும். இதற்குப் பினாங்கை விட வசதியான ஊர் வேறு இல்லை என்பேன். அந்தச் சாலையிலிருந்து நடக்கும் தூரத்தில் சௌராஸ்தா சந்தை இருக்கிறது. காலையில் போனால் லாலா, கெராங், கணவாய், இறால் எல்லாம் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கும் இரண்டு வெள்ளிக்கும் லாலா கேட்டால் மீன்கடைக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார், அவ்வளவுதான். லாலாவை நன்கு கழுவி ஓரிரவு உறைய வைத்து, மறுநாள் குளிர் விட்டதும் பார்த்தால் ஓடு தானாக வாய் திறந்திருக்கும். உறைய வைப்பதால் ஒட்டுண்ணிகள் சிலவும் அழியும். ஒரு பாதி ஓட்டோடு சதையை அப்படியே பாறைமேல் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். முழுமையாக விலக வேண்டும்! கண்ணாடிக்கு முன்னால் நின்று உற்றுப் பார்க்கும் முகமும் புதிய மீனுக்கு எதிரிதான்.

கெராங் ஆகாதா என்று சார் குவே தியாவ் பிரியர்கள் கேட்கலாம். ஆகும். ஆனால் அதன் சிவப்பு நீர் தொட்டியைக் கலக்கிவிடும். பலமுறை கழுவ வேண்டும். சிறுவாய் மீன்களுக்குக் கூனி இறால் இன்னும் நல்லது. சிஞ்சாலோக், பெலாச்சான் செய்ய உதவும் அதே ‘கெராகாவ்’தான். உப்புப் போடாத, பச்சைக் கூனியாக இருக்க வேண்டும். பச்சைச் சிப்பிகள் சிலவற்றில் பி1 ஊட்டச்சத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், மாதக்கணக்கில் அதையே கொடுக்கக் கூடாது. மீனின் வாயைத் திறக்க வைக்கும் சாவி மட்டுமே அது.

வாயைப் பார்த்து உணவைத் தேர்வது மற்ற மீன்களுக்கும் பொருந்தும். பாசி மேயும் டேங் வகை மீனுக்கு இறாலைக் காட்டிப் பயனில்லை; பேரங்காடியில் விற்கும் உப்பும் எண்ணெயும் சேராத நோரித் தாளைக் கவ்வியில் மாட்டித் தொட்டிச் சுவரில் வைத்தால் கொறிக்கும். சிங்கமீனுக்கு அசைவதுதான் உணவு. கணவாய்த் துண்டை நீண்ட குச்சியின் நுனியில் கோத்து, துடிப்பது போல் ஆட்ட வேண்டும். அதன் முதுகு முள்ளில் நஞ்சு இருப்பதால் கை நீரில் நுழையவே கூடாது.

எதுவும் பலிக்காதபோது உயிருணவுதான் வழி. ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறாலின் முட்டைகள் தகர டப்பாவில் விற்கின்றன. ஒரு போத்தலில் கடல்நீர், காற்றுக் குழாய், வெளிச்சம், நம் நாட்டு வெப்பம் ஆகியவை இருந்தால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் குஞ்சுகள் பொரித்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இராத அக்குஞ்சுகளின் சத்து முழுவதும் உடலில் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவில்தான். ஆகவே, பொரித்தவுடனே கொடுத்துவிட வேண்டும். வளர்ந்த ஆர்ட்டீமியாவை மீன்கள் விரட்டி விரட்டித் தின்னும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதில் சத்து குறைவு. உயிருள்ளதைத் தின்னத் தொடங்கியதும், உறைய வைத்த ஆர்ட்டீமியாவை அதனோடு கலக்க வேண்டும். பிறகு சத்து மிகுந்த மைசிஸ் இறால். அதன் பிறகு, மைசிஸ் உருகிய நீரில் ஊறிய பெல்லட் நான்கைந்து. இந்த மாற்றத்துக்குச் சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் பசி வரும் என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். மணத்தால் சில மீன்கள் கவரப்படலாம். நோயைத் தீர்க்கும் மருந்து என்று அதை நம்பிவிட வேண்டாம்.

உணவைவிட இடம் முக்கியம் என்பதையும் கவனித்திருக்கிறேன். முன்பே குடியிருக்கும் மீன்கள் புதிதாக வந்ததைத் துரத்தினால், அது மூலையில் ஒதுங்கி நின்றே இளைத்துப்போகும். துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு அதனுள் புதிய மீனை வைத்தால், அடியும் விழாது, மற்றவை தின்பதையும் அது பார்க்கும். ஒன்று தின்பதைப் பார்த்து இன்னொன்று துணிவது மீன்களிடம் உண்டு. முதல் நாள் விளக்கை மங்கலாக்கி, கொஞ்சமே கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம். தின்னாவிட்டால் மிதப்பதைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்; கிடந்து அழுகினால் மீண்டும் அம்மோனியா. ‘பாவம், பசிக்குமே’ என்று மேலும் மேலும் கொட்டுவதால் பட்டினியில் சாக வேண்டிய மீன் நஞ்சில் சாகிறது.

எத்தனை நாள் பொறுக்கலாம்? மீனுக்கு மீன் வேறுபடும். விலாங்கு போன்ற உடல்வாகுள்ள மோரே ஈல் சில வாரங்கள் தின்னாமல் இருந்து நம்மைப் பயமுறுத்திவிட்டு ஒரு நாள் தானே வரும். ஓயாமல் நீந்தும் சிறு மீனுக்கு ஒரு வாரமே அதிகம். நாளை எண்ணாமல் உடலைப் பாருங்கள். வயிறு உள்வாங்குவது முதல் அறிகுறி. கண்ணுக்கு மேலே, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குறுகி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் நிலைமை மோசம். தின்றும் இளைக்கிறது, கழிவு வெள்ளை நூல் போல் வருகிறது என்றால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதைத் தனித் தொட்டியில் வைத்து மருத்துவம் பார்க்க வேண்டும்.

சில மீன்களை வாங்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் உதவி. 2003-இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில், பல் மருத்துவரின் தொட்டியிலிருந்து தப்பிக்கத் திட்டம் போடும் கில் என்ற மீனை நினைவிருக்கிறதா? அது மூரிஷ் ஐடல் வகை. கடற்பஞ்சு போன்றவற்றை மேய்ந்து வாழும் அம்மீன், தொட்டியில் உண்ண மறுப்பதற்குப் பேர்போனது. படம் எடுத்தவர்கள் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ! உயிருள்ள பவளத்தை மட்டுமே கொத்தித் தின்னும் வண்ணத்துப்பூச்சி மீன் வகைகள், நாள் முழுவதும் நுண்ணிய இறாலினங்களைத் தேடித் தின்னும் மண்டரின், மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீன் ஆகியவையும் அப்படியே. இவை அழகுக்காக வாங்கப்பட்டு மெல்ல மெல்லப் பசியில் சாகின்றன.

இதற்கு மாற்று, தொட்டியிலேயே பிறந்த மீன். தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும், மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதலில் ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு, அதன் பிறகு தூள் தீனி என்று பழக்கி விடுவதால், கடைக்கு வரும்போதே பெல்லட் அதற்கு அம்மா சமையல் போலத்தான்.

அது கிடைக்காதவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் தேசியப் பள்ளியில் கற்ற மலாய் இங்குக் கைகொடுக்கும்: “தவுக்கே, போலே தெங்கோக் டியா மாக்கான்?” அதாவது, அது தின்பதைப் பார்க்கலாமா என்று. நல்ல தவுக்கே சிரித்துக்கொண்டே தீனி போட்டுக் காட்டுவார். ‘இப்போதுதான் தின்றது’ என்று மழுப்பினால், முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் அங்கேயே விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

முதல் கவ்வலைக் கண்டதும் துள்ளிக் குதித்து நிறையக் கொட்டிவிடாதீர்கள். சுருங்கிய குடலுக்கு நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து தின்ற பிறகே பெட்டியிலிருந்து திறந்துவிடலாம். அதுவரை யாராவது ஒருவர் தினமும் அருகில் இருக்க வேண்டும் என்பதால், தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ கடை அடைக்கும் வாரத்தில் மாமா புதிய மீனைத் தொட்டிக்குள் விடவே மாட்டார், முதலாளியே வாங்கி வந்து நின்றாலும்.