அஜாரியாவில் ஒரு சீட்டு கூடுதல்

நாடு முழுக்க ஒரே நாளில் வாக்குப்பதிவு. ஆனால் ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் கையில் ஒரு வாக்குச்சீட்டு கூடுதல். ஏன் தெரியுமா?

கருங்கடல் ஓரத்தில் இருக்கிறது ஜார்ஜியா. அதன் தென்மேற்கு மூலையில், துருக்கி எல்லையை ஒட்டி, அஜாரியா என்றொரு தன்னாட்சிக் குடியரசு. தலைநகர் பட்டூமி. 2024 அக்டோபரில் ஜார்ஜிய நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, அஜாரியா மக்கள் தங்கள் சட்டமன்றமான உச்ச சபைக்கும் சேர்த்தே வாக்களித்தார்கள். அந்தக் கூடுதல் சீட்டு இதற்குத்தான்!

அங்கே விரலில் தடவுகிற மை கண்ணுக்குத் தெரியாது. சாவடிக்குள் நுழையும்போது புற ஊதா விளக்கின் கீழே விரலைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே வாக்களித்தவர் என்றால் அந்த வெளிச்சத்தில் மை பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடு, இல்லையா?

அஜாரியாவின் உச்ச சபை சின்னதுதான், 21 பேர். உள்ளூர் பள்ளிக்கூடம், சுற்றுலா இதெல்லாம் அவர்கள் கையில். ராணுவமும் வெளியுறவும் கிடையாது. இன்னொரு விஷயம், அஜாரியா அரசின் தலைவர் யார் என்பதைச் சபை தானாக முடிவு செய்துவிட முடியாது. பெயரை முன்மொழிபவர் ஜார்ஜிய அதிபர். ஒப்புதல் தருவதுதான் சபையின் வேலை.